குப்பை வண்டிலின் பின்னே சென்ற பெருமாட்டி

சிக்காகோ என்னும் பெயரைக் கேட்டவுடன் நம்மனோர் நெஞ்சில் முதலில் எழுவது சுவாமி விவேகானந்தரின் திருவுருவமே. 1893 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 11 ஆந் திகதி அந்நகரில் தொடங்கிய சர்வமத மகாசபையில் சுவாமிகள் எழுந்து நின்று, இந்து சமயத்தின் பெருமையை உலகறியச் செய்தார். நான்கு ஆண்டுகள் நிறையுமுன், 1897 ஆம் ஆண்டு சனவரியில், கொழும்பிலே வந்திறங்கி யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளினார். ஆதலால் சிக்காகோ நமக்குத் தொலைவிலுள்ள நகரமாயினும் அந்நியமான நகரமன்று.

மகாசபை கூடிய அதே ஆண்டில் அங்கு மாபெரும் பொருட்காட்சியொன்றும் நடைபெற்றது. ஏரிக்கரையில் வெண்ணிற மாளிகைகள் வரிசை வரிசையாக எழுந்தன. மக்கள் அதனை வெள்ளை நகரம் என்றே அழைத்தனர். ஆனால் மகாசபை கூடிய மண்டபத்திலிருந்து இரண்டு மைல் தூரங்கூட இல்லாத ஓரிடத்தில் வெண்மையின் சாயலே இல்லாத வேறொரு நகரம் இருந்தது. அங்கே தெருவோரங்களில் அறைந்து வைக்கப்பட்ட பெரிய மரப்பெட்டிகளில் குப்பை நிரம்பி வழிந்தது. தவழும் பருவம் நீங்கிய குழந்தைகள் முதன் முதலில் ஏறிப் பழகிய மேடு அப்பெட்டிகளே.

அப்பெட்டிகளின் நடுவே தாமாகவே வந்து குடியேறி, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அங்கே வாழ்ந்த ஒரு பெருமாட்டியின் வரலாற்றைச் சங்கத்து இளைஞர்களுக்கும் பெரியோர்களுக்கும் சொல்ல விரும்புகின்றேன். அவர் பெயர் ஜேன் அடம்ஸ். சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பெற்றவர் என்று உலகம் அவரை அறியும். அவர் தம் வாழ்நாளில் சம்பளத்துக்குப் பார்த்த உத்தியோகங்களுள் ஒன்று குப்பைப் பரிசோதகர் உத்தியோகம் என்பதைப் பலர் அறியார். நான் கல்வி கற்ற மிஷன் பாடசாலையின் நூல்நிலையத்தில் அவருடைய சுயசரிதை ஒரு மூலையில் இருந்தது. பரீட்சைக்கு வேண்டிய நூலொன்றைத் தேடப்போய் அதனைக் கண்டெடுத்தேன். பரீட்சைக்குப் படித்தவற்றுள் பல மறந்துவிட்டன. இவ்வம்மையாரின் கதை மறக்கவில்லை.

இளமைப் பருவம்

ஜேன் அடம்ஸ் அம்மையார் 1860 ஆம் ஆண்டு செப்டெம்பர் 6 ஆந் திகதி, அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலுள்ள சீடர்வில் என்னும் சிற்றூரிலே பிறந்தார். தந்தையார் ஜோன் அடம்ஸ் ஆலை அதிபர்; செல்வந்தர்; மாநில சட்டசபையின் மேற்சபையில் நெடுங்காலம் அங்கம் வகித்தவர்; ஆபிரகாம் லிங்கனின் நண்பர். தாயாரோ குழந்தைக்கு இரண்டு வயது நடக்கும்போதே காலமாகிவிட்டார். போதாக்குறைக்கு முள்ளந்தண்டில் உண்டான நோயினால் பிள்ளையின் முதுகு சற்று வளைந்தது. கம்பீரமான தோற்றமுடைய தந்தையாருடன் இவ்வளவு அழகற்ற பெண்பிள்ளை நடந்து போவதை ஊரார் காண்பது அவருக்கு இழிவாகுமே என்று அச்சிறுமி ஒதுங்கி ஒதுங்கி நடப்பாளாம்.

ஏழு வயது நிரம்புமுன் ஒருநாள் தந்தையாருடன் பக்கத்துப் பட்டினத்துக்குச் சென்றபோது, ஏழைகள் வாழும் ஒரு தெருவை அவள் கண்டாள். நெருக்கமாய்க் கட்டிய அழுக்கடைந்த சின்னஞ்சிறு வீடுகள். இவர்கள் ஏன் இப்படி வாழ்கிறார்கள் என்று தந்தையாரைக் கேட்டாள். பின்பு, தான் பெரியவளானதும் ஒரு பெரிய வீடு கட்டப் போவதாகவும், அதனைப் பெரிய வீடுகளின் நடுவே கட்டாமல் இத்தகைய சிறிய வீடுகளின் நடுவிலேயே கட்டப் போவதாகவும் சொன்னாள். பிள்ளைகள் சொல்லும் பேச்சுக்களைப் பெரியவர்கள் மறந்துவிடுவார்கள். பிள்ளைகளும் மறந்துவிடுவார்கள். இந்தப் பிள்ளை மறக்கவில்லை.

றொக்போட் நகரப் பெண்கள் கல்லூரியிலே 1881 ஆம் ஆண்டு கல்வியை முடித்த சில வாரங்களில் தந்தையார் காலமானார். வைத்தியம் கற்க விரும்பிப் பிலடெல்பியா நகரிலுள்ள பெண்கள் வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்தார். முதுகு நோய் மீண்டும் வருத்தியது, படிப்பு நின்றது. அதன்பின் ஏழு எட்டு ஆண்டுகள் இன்னது செய்வதென்று அறியாமல் அவர் மனம் தத்தளித்தது. பணம் இருந்தது, படிப்பு இருந்தது, செய்வதற்கு ஒரு வேலை இல்லை. பட்டம் பெற்று வெளியேறும் வாலிபருக்கு அந்நிலை எத்தகையது என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

அக்காலத்தில் ஐரோப்பாவுக்கு இருமுறை சென்றார். 1883 ஆம் ஆண்டு இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியிலே, ஒரு சனிக்கிழமை இரவு, விற்காமற் போன அழுகற் காய்கறிகளை ஏலம் போடும் காட்சியை அவர் கண்டார். அவற்றுக்காக நீண்ட ஏழைகளின் கைகள் அவர் கண்ணை விட்டு அகலவேயில்லை. 1888 ஆம் ஆண்டு மீண்டும் இலண்டனுக்குச் சென்றபோது டொயின்பி மண்டபத்தைப் பார்த்தார். பல்கலைக்கழகத்திலே கற்ற வாலிபர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து தொண்டு செய்வதற்கென 1884 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட நிலையம் அது. தாம் செய்ய வேண்டியது இதுவே என அம்மையார் துணிந்தார்.

ஹல் இல்லம்

1889 ஆம் ஆண்டு செப்டெம்பர் 18 ஆந் திகதி, அவரும் அவர் தோழியார் எலன் கேற்ஸ் ஸ்டார் அம்மையாரும் சிக்காகோவின் ஹால்ஸ்டெட் வீதியில் ஒரு பழைய மாளிகையிற் குடிபுகுந்தனர். சாள்ஸ் ஹல் என்னும் செல்வர் 1856 ஆம் ஆண்டு கட்டிய வீடு அது. அதனால் ஹல் இல்லம் என்னும் பெயர் நிலைத்தது. இல்லம் அமைந்த 19 ஆம் வட்டாரத்தில் அந்நாளில் ஏறக்குறைய 50,000 மக்கள் வாழ்ந்தனர். இத்தாலியர், ஜெர்மானியர், போலந்தினர், உருசிய நாட்டு யூதர், பொகீமியர், ஐரிஷ்காரர் எனப் பல நாட்டினர். ஒரு குடும்பத்துக்கெனக் கட்டிய மரவீட்டிலே பல குடும்பங்கள் நெருங்கிக் கிடந்தன. பல வீடுகளுக்குப் பின்வளவிலுள்ள ஒரு குழாயைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது.

அம்மையார் குழந்தைகளுக்குப் பாலர் வகுப்பு நடத்தினார். வாலிபருக்குக் கழகங்களும், பெண்களுக்கு மாதர் சங்கமும் அமைத்தார். குளிப்பதற்கு அறைகள் கட்டுவித்தார். 1894 ஆம் ஆண்டளவிற் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டிடமும் திறந்தார். ஆனால் எதைச் செய்தாலும் வாசலைத் தாண்டியவுடன் அந்த மரப்பெட்டிகளே எதிரே நின்றன. பழ வியாபாரிகள் எறிந்த அழுகற் பழங்கள், கந்தல் பொறுக்குவோர் கழித்துவிட்ட கூளம், அடுப்புச் சாம்பல் யாவும் அவற்றுள் நாட்கணக்காகக் கிடந்து நாறின. சிறுவர்களுக்கோ அவையே கோட்டை. அவற்றினுள்ளே கிடந்தவையே போர்க் கருவிகள்.

நகரசபை குப்பையை அகற்றுவதற்குக் கொந்தராத்துக்காரருக்குப் பணம் கொடுத்துவந்தது. சட்டமும் இருந்தது, பரிசோதகரும் இருந்தார். வண்டில் மட்டும் ஒழுங்காக வரவில்லை. முதல் மூன்று ஆண்டுகளில் அம்மையார் தம் இல்லத்திலே சிறிய எரிகலமொன்றை அமைத்துப் பார்த்தார். நகரசபைக்குப் பலமுறை முறையிட்டார். பயன் சிறிதே.

அண்டை வீட்டுப் பெண்களோடு அவர் இதைப்பற்றிப் பேசியபோது ஓர் உண்மையைக் கண்டார். அவர்களுட் பலர் நாட்டுப்புறத்திலிருந்து வந்தவர்கள். தம் கிராமத்திலே வீட்டைக் கூட்டி, குப்பையை வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. வெயிலும் காற்றும் மண்ணும் மிகுதியைப் பார்த்துக்கொள்ளும். அவர்கள் சோம்பேறிகளல்லர், வீட்டைத் துப்புரவாகவே வைத்திருந்தனர். ஆனால் நெருக்கமான நகரத்தில் ஒருத்தி வாசலுக்கு வெளியே தள்ளியது மற்றொருத்தியின் பிள்ளைக்கு நோயாக வந்தது. வீட்டுக்குள்ளே எவ்வளவு பெருக்கினாலும் தெரு அழுக்காயிருந்தால் ஒரு தாய் தன் பிள்ளையைக் காக்க முடியாது என்பதை அம்மையார் அப்பெண்களுக்கு எடுத்துரைத்தார்.

ஆயிரத்து முப்பத்தேழு முறைப்பாடுகள்

பின்பு நடந்ததே இவ்வரலாற்றின் சிறந்த பகுதி. 1894 ஆம் ஆண்டுக் கோடைகாலத்தில், மாதர் சங்கத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பெண்கள் இல்லத்தவரோடு சேர்ந்து ஒழுங்கை ஒழுங்கையாகச் சென்று பார்வையிடப் புறப்பட்டனர். இவர்கள் செல்வச் சீமாட்டிகளல்லர். பகல் முழுதும் துணி துவைத்து, மினுக்கி, இரவுச் சாப்பாட்டையும் ஆக்கி முடித்த ஐரிஷ் நாட்டுத் தாய்மார். அந்தி வேளையிலே திண்ணையில் இருந்து காற்று வாங்குவதை விட்டு, நாறும் ஒழுங்கைகளிலே நடந்து, அயலாரின் மனக்கசப்பையும் ஏற்க வேண்டியதாயிற்று. அயலாரோடு பகைத்துக்கொள்வது எவ்வளவு கடினமான காரியம் என்பது ஊரிலே வாழும் நமக்குத் தெரியும்.

அவர்கள் கண்டதைக் கண்டபடி குறித்துவந்தனர். எந்தத் தெரு, எந்த வீடு, எது சட்டத்துக்கு மாறானது என்று விசாரித்து உறுதிசெய்த பின்பே சுகாதாரப் பகுதிக்கு அறிவித்தனர். ஓகத்து, செப்டெம்பர் ஆகிய இரு மாதங்களில் மாத்திரம் இவ்வாறு அனுப்பப்பட்ட முறைப்பாடுகள் 1,037. கடமையைச் செம்மையாகச் செய்யாத காரணத்தால் மூன்று பரிசோதகர்கள் ஒருவர்பின் ஒருவராக அவ்வட்டாரத்திலிருந்து மாற்றப்பட்டனர். அவ்வளவு செய்தும் மரண விகிதம் குறையவில்லை.

அம்மையாரின் தமக்கையார் 1894 ஆம் ஆண்டு காலமானார். அவருடைய இளம் பிள்ளைக்கு அம்மையாரே பாதுகாவலரானார். நலிந்த உடம்பினனான அச்சிறுவனை ஹல் இல்லத்தில் வைத்து வளர்த்தால் அவ்விடத்துச் சூழல் அவனுக்குத் தீங்காகும் என்று கண்டு, வேறிடத்து விடுதிப் பாடசாலைக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அப்போது அம்மையாரின் மனம் அவரையே குற்றஞ் சாட்டியது. தம் பிள்ளைக்குப் போவதற்கு வேறு இடம் இருந்தது. அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு அத்தகைய இடமில்லை. அவர்களுட் பலர் மாண்டே போனார்கள். அவர்களுக்காக முன்னமே துணிந்து செயலாற்றாமற் போனோமே என்று அவர் வெட்கினார். பெரியோர் தம் புகழைத் தாமே எழுதுவதுண்டு. தம் வெட்கத்தை எழுதி வைப்பவர் சிலரே. இவர் அதனை எழுதி வைத்தார்.

விடியற்காலை ஆறு மணி

1895 ஆம் ஆண்டு வசந்த காலத்தில் யாரும் எதிர்பாராத ஒரு காரியத்தை அம்மையார் செய்தார். வணிகர் இருவரின் ஆதரவோடு, தம் வட்டாரத்துக் குப்பையை அகற்றும் கொந்தராத்தைத் தமக்கே தரவேண்டுமென்று கேள்விப்பத்திரம் அனுப்பினார். ஏதோ ஒரு விதிமுறையைக் காட்டி அதனைத் தள்ளிவிட்டனர். ஆயினும் பத்திரிகைகளில் அச்செய்தி பரவிவிட்டது. அதன் விளைவாக நகரபிதா அவரையே 19 ஆம் வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராக நியமித்தார். சம்பளம் ஆண்டுக்கு 1,000 டொலர். அரசியல்வாதிகள் தம் ஆதரவாளருக்கென வைத்திருந்த பதவி ஒரு பெண்ணின் கைக்குப் போயிற்றே என்று பெரிய கலவரம் உண்டாயிற்று.

அன்று தொட்டு அம்மையாரும் அவருடைய உதவியாளரான அமண்டா ஜோன்சன் என்னும் பட்டதாரிப் பெண்மணியும் காலை ஆறு மணிக்கு எழுந்து வெளியே சென்றனர். வண்டிற்காரர் நேரத்துக்குப் புறப்படுகிறார்களா என்று பார்த்தனர். நிறைந்த வண்டில்கள் குப்பைமேடு வரை செல்கின்றனவா, இடையிலே சிந்துகின்றனவா என்று பின்தொடர்ந்து சென்றனர். வட்டாரத்துக்கு ஒன்பது வண்டில்கள் போதா என்று கொந்தராத்துக்காரருடன் வாதாடிப் பதின்மூன்றாக்கினர். பின்பு பதினேழாக்கினர். குப்பைத் தொட்டி வைக்காத வீட்டுச் சொந்தக்காரர்களை நீதிமன்றத்தில் நிறுத்தினர். தகரப் பேணிகளைச் சேர்த்து, அவற்றை உருக்கிப் பயன்படுத்தும் ஒரு தொழிற்சாலைக்கு அனுப்பினர். அத்தொழிற்சாலை வேண்டாமென்று சொல்லுமளவுக்குப் பேணிகள் குவிந்தன!

செத்த விலங்குகளை அகற்றுவதற்கென ஒரு கொந்தராத்துக்காரர் நகரசபையிடம் தாராளமாகப் பணம் பெற்றுவந்தார். அவரோ அவ்வேலையைப் பொலிஸ் வண்டிகளைக் கொண்டு செய்வித்து, விலங்குகளின் உடல்களைப் புகையிரதத்திலேற்றி ஒரு சவர்க்காரத் தொழிற்சாலைக்கு விற்றுவந்தார். அத்தொழிற்சாலையின் பங்குகளிற் பெரும்பங்கு அவருடையதே. வண்டிலின் பின்னே சென்று பார்த்திராவிட்டால் இந்த உண்மை வெளிவந்திராது.

ஒரு குறுந்தெருவிலே குப்பையை அகற்ற அகற்ற அடியில் இறுகிய தரை தென்பட்டது. பதினெட்டு அங்குல ஆழத்துக்கடியில் கல் பதித்த நல்ல வீதியொன்று மறைந்து கிடந்தது. நகரசபைப் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோது அப்படியொரு வீதி அமைத்ததற்குப் பதிவும் இருந்தது. அங்கே குடியிருந்த இத்தாலிய மக்கள் இதைப் பார்த்துப் பெரிதாக வியக்கவில்லையாம். மண்ணுக்குள்ளே புதையுண்ட நகரங்களைத் தோண்டியெடுப்பது அவர்கள் தாய்நாட்டிலே புதுமையன்றே!

அயலிலுள்ள பெண்களுட் சிலர் இவர் செயலைக் கண்டு முகஞ்சுளித்தனர். கல்வியும் குடிப்பிறப்பும் உள்ள ஒரு பெண் விடியற்காலையில் குப்பை வண்டிலின் பின்னே போவதா என்றனர். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்வது பெண்களுக்குரிய தருமமானால், அக்காய்ச்சல் வராமற் காப்பதும் அதே தருமந்தானே என அம்மையார் பொறுமையோடு விளக்கினார். சிலர் ஏற்றனர். சிலர் இறுதிவரை ஏற்கவில்லை.

பின்னொரு நாள் மாதர் சங்கக் கூட்டத்திலே ஒரு செய்தி வாசிக்கப்பட்டது. மரண விகிதத்தில் நகரத்து வட்டாரங்களுள் மூன்றாம் இடத்தில் நின்ற 19 ஆம் வட்டாரம் ஏழாம் இடத்துக்கு இறங்கிவிட்டது என்பதே அச்செய்தி. வேறு காரணங்களும் அதற்குத் துணைநின்றன என்பதை அம்மையார் மறைக்கவில்லை. ஆனால் அங்கு கூடியிருந்த பெண்கள் கைதட்டியபோது, பிறருடைய வெற்றிக்காக அவர்கள் தட்டவில்லை. ஒழுங்கைகளில் நடந்து குறிப்பெழுதிய கைகள் அவை.

தோல்வியும் தவறும்

இத்தகைய வரலாறுகளை வெற்றியோடு முடித்துவிட ஆசை உண்டாகும். உண்மை அவ்விதம் முடியவில்லை. அம்மையாருக்குப்பின் அமண்டா ஜோன்சன் உரிய பரீட்சையிற் சித்தியெய்தி அப்பதவியை வகித்தார். ஏறக்குறைய மூன்று ஆண்டுகளின் பின் நகரசபை புதிய ஒழுங்குவிதி ஒன்றைக் கொண்டுவந்து, குப்பை அகற்றுவதையும் வீதி திருத்துவதையும் ஒரே மேற்பார்வையாளரின் கீழ் ஆக்கியது. அப்பதவிக்கு ஆண்கள் மாத்திரமே தகுதியுடையோர் என்றும் வகுத்தது. பெண்ணொருத்தியின் கண் வண்டில்மேல் இருக்கக்கூடாது என்பதே அதன் பயன்.

அவ்வட்டாரத்தின் நகரசபை அங்கத்தவர் ஜோன் பவர்ஸ் என்பவர். நத்தார்ப் பண்டிகைக்கு வான்கோழி கொடுப்பார். வேலை வாங்கிக் கொடுப்பார். ஏழைகளின் மரணச் சடங்குக்குப் பணம் உதவுவார். தெருவைச் சுத்தமாக்க மட்டும் மாட்டார். ஹல் இல்லத்தார் 1896 ஆம் ஆண்டிலும் 1898 ஆம் ஆண்டிலும் அவருக்கு எதிராகத் தேர்தற் பிரசாரம் செய்தனர். இருமுறையும் தோற்றனர். அம்மையார் மக்களை வெறுக்கவில்லை. துன்பத்திலே கை கொடுத்தவனுக்கு மக்கள் நன்றி பாராட்டுவது இயல்பே என்று கண்டார். ஊர் முழுவதற்குமான நன்மையும் அத்தகைய அன்போடு வந்து சேரவேண்டும் என்பதே அவர் கற்ற பாடம்.

1902 ஆம் ஆண்டு நெருப்புக் காய்ச்சல் பரவிற்று. நகரத்துச் சனத்தொகையில் முப்பத்தாறில் ஒரு பங்கே கொண்ட 19 ஆம் வட்டாரத்தில், அந்நோயினால் நகரில் நிகழ்ந்த மரணங்களில் ஆறிலொரு பங்கு நிகழ்ந்தது. இல்லத்துப் பெண்மணிகள் 2,002 குடியிருப்புக்களைப் பார்வையிட்டு மலகூடங்களின் நிலையைப் பதிவுசெய்தனர். இல்லத்திலே வாழ்ந்த வைத்தியர் அலிஸ் ஹமில்டன் அம்மையார் இலையான்களைப் பிடித்துச் சோதித்து, அவையே நோயைப் பரப்பின என்று எழுதினார். விசாரணை நடந்தது. சுகாதாரப் பிரிவில் இருந்த 24 பேருள் 11 பேர் வேலையிலிருந்து நீக்கப்பட்டனர்.

ஆனால் வேறோர் உண்மை பின்னர் தெரியவந்தது. தண்ணீர் இறைக்கும் நிலையமொன்றில் ஏற்பட்ட உடைவினால் கழிவுநீர் குடிநீர்க் குழாயிற் கலந்து, மூன்று நாட்கள் மக்கள் அதனைக் குடித்திருந்தனர். நோய் அவ்வளவு கொடிதாகப் பரவியதற்கு அதுவே பெருங்காரணம். ஹமில்டன் அம்மையார் தம் ஆராய்ச்சிக்குக் கிடைத்த புகழ் அளவுக்கு மிஞ்சியது என்று பிற்காலத்தில் தாமே எழுதினார். ஊழியம் செய்வோருக்கு ஆர்வம் மட்டும் போதாது. சரியாகப் பார்க்கும் பொறுமையும், பிழையை ஒப்புக்கொள்ளும் நேர்மையும் வேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

பிற்கால வாழ்வு

ஹல் இல்லம் வளர்ந்து பதின்மூன்று கட்டடங்களைக் கொண்ட நிலையமாயிற்று. சிறுவருக்கெனத் தனி நீதிமன்றம் 1899 ஆம் ஆண்டு சிக்காகோவில் அமைவதற்கும் இல்லத்தைச் சேர்ந்தவர்கள் பெரிதும் உழைத்தனர். 1910 ஆம் ஆண்டு அம்மையார் இல்லத்தின் இருபது ஆண்டு வரலாற்றை நூலாக வெளியிட்டார். முதல் உலக யுத்தம் மூண்டபோது அவர் யுத்தத்தை எதிர்த்தார். 1915 ஆம் ஆண்டு ஹேக் நகரிலே கூடிய பெண்கள் சமாதான மகாநாட்டுக்குத் தலைமை வகித்தார். போற்றிய பத்திரிகைகளே அவரைத் தூற்றின. அவர் அசையவில்லை. 1931 ஆம் ஆண்டு சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் நிக்கலஸ் மரே பட்லர் என்பவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. அப்பரிசைப் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி இவரே.

1935 ஆம் ஆண்டு மே மாதம் 21 ஆந் திகதி அம்மையார் காலமானார். ஆயிரக்கணக்கான மக்கள் ஹல் இல்லத்துக்கு வந்து அஞ்சலி செலுத்தினர். பின்னர் அவருடைய உடல் சீடர்வில்லிலே அடக்கம் செய்யப்பட்டது. 1963 ஆம் ஆண்டு பல்கலைக்கழகம் அமைப்பதற்காக இல்லத்துக் கட்டடங்களிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. பழைய மாளிகையும் உணவு மண்டபமும் தப்பி, இன்று நூதனசாலையாக நிற்கின்றன. அவர் பெயரால் தொண்டாற்றி வந்த சங்கமும் 2012 ஆம் ஆண்டு பணமுடையால் மூடப்பட்டது. கட்டடமும் சங்கமும் மறையக் கூடியவை. காலை ஆறு மணிக்கு எழுந்து சென்ற அந்த வழக்கத்தை யார் வேண்டுமாயினும் மீண்டும் தொடங்கலாம்.

நமக்கு

துப்புரவுப் பணி நமக்குப் புதிதன்று. திருநாவுக்கரசு சுவாமிகள் கையிலே உழவாரப்படையை ஏந்திக் கோயில் வீதிகளைத் துப்புரவாக்கிய வரலாற்றைப் பால வயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அவரை வணங்குகின்றோம். அவர் கையிலிருந்த படையை எடுப்பதற்கு மாத்திரம் ஆண்டில் ஒரு நாளையே ஒதுக்குகின்றோம்.

ஆண்டுதோறும் நமது சங்கத்தார் சிரமதானம் செய்கின்றோம். கோயில் வீதியைக் கூட்டுகின்றோம், புல்லைச் செருக்குகின்றோம், புகைப்படமும் எடுத்துக்கொள்கின்றோம். மூன்றாம் வாரம் அதே ஒழுங்கையிலே பிளாஸ்டிக் பைகளும் போத்தல்களும் சிரட்டைகளும் கிடக்கின்றன. இதை எழுதும் நானும் அக்கூட்டத்தில் ஒருவனே. சென்ற மாரிக்கு எங்கள் வீட்டு வேலிக்கு வெளியே ஒரு பழைய டயர் கிடந்தது. அதிலே மழைநீர் தேங்கி நின்றது. நாள்தோறும் அதனைக் கடந்து சென்றேன். அது எங்கள் வளவுக்குள் இல்லை. ஆகவே எனக்குரியதன்று என்று எண்ணினேன். டெங்கு நுளம்புக்கு வேலி தெரியாது. அயல் வீட்டுச் சிறுமி ஒருத்தி காய்ச்சலோடு வைத்தியசாலையிற் படுத்தபின்பே அந்த டயரைப் புரட்டி நீரை ஊற்றினேன். அந்த டயரினாலேதான் காய்ச்சல் வந்ததென்று யாரும் சொல்லவில்லை. அச்சிறுமி நலமாக வீடு திரும்பினாள். ஆயினும், முன்னமே துணிந்து செயலாற்றாமற் போனோமே என்று அம்மையார் எழுதிய பக்கத்தை அன்றிரவு மீண்டும் எடுத்து வாசித்தேன்.

ஆதலால் இளைஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். சிரமதானத்தைக் கைவிட வேண்டாம். அதனோடு ஒரு குறிப்புப் புத்தகத்தையும் சேர்த்துக்கொள்வோம். ஒழுங்கைக்கு இருவராக வாரத்துக்கு ஒருமுறை நடந்து பார்ப்போம். வண்டில் வந்த நாளையும் வராத நாளையும், அடைபட்ட வாய்க்காலையும், நீர் தேங்கிய இடத்தையும் திகதியோடு எழுதுவோம். நம்மால் ஆனதை நாமே திருத்துவோம். ஆகாததைப் பிரதேச சபைக் கந்தோருக்குப் பணிவோடும் ஆதாரத்தோடும் எழுதியனுப்புவோம்; மறுமொழி வரும்வரை மீண்டும் எழுதுவோம். முதலிலே நம் சொந்த வளவைப் பார்த்துவிட்டே அயலாரின் வளவைப் பார்ப்போம்.

பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. படித்த பிள்ளைகள் குப்பையைத் தொடுவதா என்று கேளாதிருங்கள். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளும் இப்பணிக்கு வருவார்களாயின் தடை செய்யாதிருங்கள். குப்பை அள்ளுவதையே தொழிலாகக் கொண்டு விடியற்காலையில் நம் தெருவுக்கு வருபவர்களை மரியாதையோடு நடத்துங்கள். அவர்கள் ஒரு வாரம் வராதிருந்தால் நம்முடைய சுத்தத்தின் உண்மை நிலை தெரிந்துவிடும்.

சிக்காகோவின் அந்தக் குறுந்தெருவில் பதினெட்டு அங்குலக் குப்பைக்குக் கீழே நல்ல வீதியொன்று இருந்தது. நம் ஒழுங்கைகளுக்கும் நல்ல தரை உண்டு. அதனை நம் பிள்ளைகள் காண வேண்டுமாயின் அடுத்த ஆண்டுச் சிரமதானம் வரை காத்திராமல், வருகின்ற வாரமே புத்தகமும் பென்சிலுமாகப் புறப்படுவோமாக.